கணினியும் நாமும்: சத்தம் காணாத கணினிக்கு என்ன வைத்தியம்?



இந்தப் பக்கத்துக்கு வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது ஒரே முறைப்பாடு பல கடிதங்களில் இருந்தது. "எல்லாத்தையும் கூட்டி வைச்சும் சத்தம் காணாது. காதைக் கொண்டுபோய் ஸ்பீக்கரிலை வைச்சால்தான் கேக்குது" என்று ஒரு சகோதரி எழுதியிருந்தார். மற்றவர்கள் எழுதியதும் ஏறக்குறைய இதுதான். இவர்களில் அநேகர் பாவிப்பது மாதர் சங்கத்துக்கோ வீட்டுக்கோ உதவியாகக் கிடைத்த பழைய டெஸ்க்டொப் கணினி. அதில் இருப்பது விண்டோஸ் அல்ல, லினக்ஸ். பெரும்பாலும் உபுண்டு, அல்லது லினக்ஸ் மின்ட்.

சத்தம் ஒரு சின்ன விடயம் என்று சிலர் நினைக்கலாம். எங்களுக்கு அப்படி அல்ல. எழுத்து வாசிக்கக் கஷ்டப்படுகிற அம்மாமார் கணினியில் கேட்டுத்தான் விடயம் அறிகிறார்கள். தையல் வெட்டும் முறையை யூரியூப்பில் பார்க்கிற தங்கைக்குச் சொல்லுகிறவர் குரல் கேட்காவிட்டால் துணிதான் வீணாகும். வெளிநாட்டிலுள்ள மகளோடு கிழமைக்கு ஒருமுறை பேசுகிற தாய்க்கு அந்த அரை மணித்தியாலம் கேட்காமல் போனால், அடுத்த கிழமை வரைக்கும் அதே கவலை. ஆகவே இம்மாதம் இந்த ஒரு விடயத்தை மாத்திரம் எடுத்து, அடியிலிருந்து நுனி வரை பார்ப்போம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சத்தம் குறைந்தால் உடனே "சவுண்ட் கார்ட் பழுது" என்றோ, "லினக்ஸ் சரிவராது, விண்டோஸ் போடவேண்டும்" என்றோ முடிவு கட்டாதீர்கள். எங்கள் பயிற்சி நிலையத்துக்கு வருகிற ஒரு அக்கா தன் கணினியை ஓட்டோவில் ஏற்றிப் பட்டணத்துக் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனார். புதிதாகக் கார்ட் போடவேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள். காசு இல்லாததால் கணினியைத் திருப்பி ஏற்றிக்கொண்டு எங்களிடம் வந்தார். திரையில் மூடிக் கிடந்த ஒரு மடையைத் திறந்தோம், அவ்வளவுதான். கார்ட்டில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஓட்டோக் கூலி மாத்திரம் நட்டம்.

வாய்க்காலும் மடைகளும்

வயல் செய்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்துவது சுகம். குளத்தில் தண்ணீர் நிறைய இருக்கிறது. அது பெரிய வாய்க்காலால் வந்து, சின்ன வாய்க்காலுக்குப் பிரிந்து, கடைசியில் உங்கள் வரம்பை உடைத்துவிட்டால்தான் வயலுக்குள் பாயும். இடையில் எத்தனையோ மடைகள். மேலே ஒரு மடை பாதி மூடியிருந்தால் கீழே உங்கள் மடையை எவ்வளவு அகலமாகத் திறந்தாலும் பிரயோசனம் இல்லை. வருகிற தண்ணீர்தான் வரும்.

கணினியிலும் சத்தம் இப்படித்தான் வருகிறது. அதன் பாதையில் ஐந்து மடைகள் உண்டு.

முதலாவது, பாட்டையோ வீடியோவையோ ஓடவிடுகிற பிளேயர். இரண்டாவது, அந்தப் பிளேயருக்கென்று லினக்ஸ் தனியாக வைத்திருக்கும் அளவு. மூன்றாவது, முழுக் கணினிக்குமான பொது அளவு. நான்காவது, சவுண்ட் கார்ட்டின் உள்ளே இருக்கும் அளவுகள். ஐந்தாவது, ஸ்பீக்கரில் உள்ள குமிழ்.

நாங்கள் வழக்கமாகத் தொடுவது மூன்றாவதையும் ஐந்தாவதையும் மாத்திரம். மற்ற மூன்றும் கண்ணில் படுவதில்லை. மூன்று மடைகள் ஒவ்வொன்றும் பாதி மூடியிருந்தால் பாதியின் பாதியின் பாதி, அதாவது எட்டில் ஒரு பங்குதான் கீழே வந்து சேரும். அதனால்தான் "எல்லாம் கூட்டித்தானே இருக்கு" என்று நாம் சொன்னாலும் சத்தம் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல் இருக்கிறது.

தொடங்குமுன் ஒரு பழக்கம்

எந்த மடையைத் திறக்குமுன்னும் ஸ்பீக்கர் குமிழைக் கால்வாசிக்குக் குறைத்துவிடுங்கள். ஹெட்போன் போட்டிருந்தால் காதிலிருந்து கழற்றிவிடுங்கள்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஒருநாள் பயிற்சியில் ஒரு தங்கை மூடியிருந்த மடையைத் திறந்ததும், முழுவதாகக் கூட்டியிருந்த ஸ்பீக்கரில் பாட்டு இடி விழுந்தமாதிரி வெடித்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த அக்கா ஒரு நொடியில் மேசைக்குக் கீழே குனிந்து இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. அங்கே இருந்த அநேகருக்கு அந்தக் குனிவு பழக்கமானது. போர் 2009 இல் முடிந்துவிட்டது என்றாலும் உடம்பு அதை அறிந்துகொள்ள நாளெடுக்கும். அன்றிலிருந்து எங்கள் நிலையத்தில் முதல் விதி இதுதான்: குமிழைக் குறை, பிறகு திற, பிறகு மெல்லக் கூட்டு.

கணினி தானாகப் போடும் "டொங்" என்ற எச்சரிக்கைச் சத்தங்கள் உங்களைத் திடுக்கிட வைக்குமானால் அவற்றையும் நிறுத்தலாம். உபுண்டுவில் சவுண்ட் பக்கத்தில் சிஸ்ரம் சவுண்ட்ஸ் என்பதன் அளவைக் கீழே இறக்கிவிடுங்கள். மின்ட்டில் சவுண்ட்ஸ் என்ற பகுதியில் ஒவ்வொன்றாக நிறுத்தலாம். பாட்டும் பேச்சும் பாதிக்கப்படா.

ஐந்தாம் மடை: கையால் தொடக்கூடியது

கீழேயிருந்து தொடங்குவோம். கண்ணால் பார்க்கக்கூடியதை முதலில் பார்ப்பதுதான் புத்தி.

ஸ்பீக்கர் வயரைக் கணினியிலிருந்து கழற்றி ஒரு கைத்தொலைபேசியில் போட்டுப் பாட்டு ஓடவிடுங்கள். தொலைபேசியில் நன்றாகக் கேட்டால் ஸ்பீக்கர் சுகம், பிழை கணினிப் பக்கம். தொலைபேசியிலும் கேட்காவிட்டால் ஸ்பீக்கரில்தான் பிழை, கணினியைக் கிண்டத் தேவையில்லை. ஹெட்போன் துளை இல்லாத தொலைபேசி என்றால் சின்ன ரேடியோ ஒன்றிலாவது போட்டுப் பாருங்கள். ஸ்பீக்கருக்குத் தனி அடப்டர் இருந்தால் அது அந்த ஸ்பீக்கருக்கு உரியதுதானா என்றும் கவனியுங்கள். தொலைந்துபோன அடப்டருக்குப் பதிலாக வீட்டில் கிடந்ததைச் செருகினால் வோல்ற்றளவு குறைந்து சத்தம் மெலியலாம். கூடினால் ஸ்பீக்கரே எரியலாம்.

அடுத்தது பின்பக்கத் துளைகள். வழக்கமாக மூன்று நிறங்களில் இருக்கும். பச்சை, ஸ்பீக்கருக்கு. இளஞ்சிவப்பு, மைக்கிற்கு. நீலம், வெளியிலிருந்து சத்தத்தை உள்ளே எடுப்பதற்கு. தூசி துடைக்கும்போது கழற்றி மாறிச் செருகியிருப்பீர்களோ என்று பாருங்கள்.

பிளக் கடைசிவரை உள்ளே போயிருக்கவேண்டும். பாதி போய் நின்றால் ஒரு விசித்திரம் நடக்கும். பாட்டில் வாத்தியங்கள் கேட்கும், பாடுகிறவர் குரல் மட்டும் மறைந்துபோகும். பிளக்கில் உள்ள பொதுத் தொடுகை விடுபட்டால், இடது வலது இரண்டு பக்கமும் ஒரேமாதிரி வருகிற சத்தம் ஒன்றையொன்று அழித்துவிடும். பேச்சும் குரலும் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரேயளவில்தான் பதியப்பட்டிருக்கும். ஆகவே "மேளம் கேக்குது, பேச்சுக் கேக்குதில்லை" என்றால் முதலில் பிளக்கை ஒருமுறை இழுத்து, நன்றாக அழுத்திச் செருகுங்கள்.

முதலாம் மடை: பிளேயர்

இப்போது மேலே போவோம். யூரியூப் என்றால் வீடியோவின் கீழே சிறிய ஸ்பீக்கர் படம் இருக்கும். மவுசை அதன்மேல் வைத்தால் ஒரு கோடு தெரியும். பிள்ளைகள் இரவில் பார்த்துவிட்டுக் குறைத்து வைத்திருப்பார்கள், அது அப்படியே நினைவில் இருக்கும். அந்தக் கோட்டை முழுவதாக வலப்பக்கம் இழுத்துவிடுங்கள். வீ.எல்.சி பிளேயரில் கீழே வலப்பக்க மூலையில் ஒரு முக்கோணம் இருக்கும். அது 100 இல் நிற்கட்டும்.

இரண்டாம், மூன்றாம் மடைகள்: செற்றிங்ஸ்

உபுண்டுவில் வலப்பக்க மேல் மூலையைத் தட்டி செற்றிங்ஸ் திறந்து, சவுண்ட் என்பதற்குப் போங்கள். மின்ட்டில் வலப்பக்கக் கீழ் மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை மவுசின் வலது பொத்தானால் அழுத்தி சவுண்ட் செற்றிங்ஸ் திறக்கலாம். அங்கே நான்கு விடயங்களைப் பார்க்கவேண்டும்.

ஒன்று, அவுட்புட் டிவைஸ். சத்தம் எந்த வாசலால் வெளியே போகிறது என்பதை இது சொல்லும். மொனிற்றரை எச்.டி.எம்.ஐ வயரால் இணைத்திருந்தால் கணினி சத்தத்தை மொனிற்றருக்கே அனுப்பிவிடலாம். சில மொனிற்றர்களுக்குள் மெல்லிய சின்ன ஸ்பீக்கர் இருக்கும். நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது அதைத்தான். பச்சைத் துளைக்குரிய பெயர் லைன் அவுட் அல்லது ஹெட்போன்ஸ் என்று இருக்கும். அதைத் தெரிவுசெய்யுங்கள்.

இரண்டு, பலன்ஸ். இடம் வலத்தைச் சமப்படுத்தும் கோடு. அது ஒரு பக்கம் போயிருந்தால் மற்ற ஸ்பீக்கர் ஊமையாகும். நடுவில் வையுங்கள்.

மூன்று, பொது அளவு. இது 100 இல் இருக்கட்டும்.

நான்கு, ஒவ்வொரு செயலிக்குமான அளவு. உபுண்டுவில் வொலியூம் லெவல்ஸ் என்றும், மின்ட்டில் அப்ளிகேஷன்ஸ் என்றும் இருக்கும். இதில்தான் அநேகர் தவறிப்போகிறார்கள். ஏனென்றால் அந்தச் செயலி சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போது மாத்திரமே அதன் பெயர் அங்கே தெரியும். பாட்டை நிறுத்திவிட்டுத் தேடினால் ஒன்றும் இருக்காது. முதலில் பாட்டை ஓடவிட்டு, பிறகு இந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

இவை போதாவிட்டால் பல்ஸ்ஓடியோ வொலியூம் கொன்ரோல் என்ற இலவச மென்பொருளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்ட்டில் சொப்ட்வெயர் மனேஜரிலும், உபுண்டுவில் அதற்குரிய செயலிக் களஞ்சியத்திலும் பெயரைத் தேடி எடுக்கலாம். அதன் கடைசிப் பகுதி கொன்பிகரேஷன். உங்களிடம் இரண்டே ஸ்பீக்கர் இருக்க, அங்கே சறவுண்ட் 5.1 என்று தெரிவாகியிருந்தால் படங்களில் வசனம் மட்டும் கேட்காது. காரணம், வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போகிறது. அந்த நடு ஸ்பீக்கர் உங்களிடம் இல்லை. அனலொக் ஸ்டீரியோ என்பதைத் தெரிவுசெய்தால் வசனம் திரும்பி வரும்.

உள்ளே சத்தத்தைக் கையாளும் பகுதி காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. உபுண்டுவில் 2008 இலிருந்து பல்ஸ்ஓடியோ இருந்தது. 2022 இல் வெளிவந்த 22.10 பதிப்பிலிருந்து பைப்வயர் வந்தது. மின்ட்டில் 2024 இல் வந்த 22 ஆம் பதிப்பில் மாறியது. இதனால் நீங்கள் கலங்கவேண்டியதில்லை. மேலே சொன்ன பக்கங்களும் அந்தச் சிறு மென்பொருளும் இரண்டிலும் வேலை செய்யும்.

நான்காம் மடை: மறைந்திருப்பது

கடைக்கு ஓட்டோவில் போன கணினியில் மூடியிருந்தது இந்த மடைதான். சவுண்ட் கார்ட்டுக்குள் மாஸ்ரர், பீ.சி.எம், ஹெட்போன், ஃபுரொண்ட் என்று தனித்தனி அளவுகள் உண்டு. இவற்றைச் சாதாரண செற்றிங்ஸ் பக்கம் காட்டாது. அல்சாமிக்சர் என்ற கருவி காட்டும்.

விசைப்பலகையில் கொன்ரோல், ஓல்ற், ரீ மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். ஒரு இருண்ட நிறச் சாளரம் திறக்கும். இதற்கு ரெர்மினல் என்று பெயர். பயப்படாதீர்கள், எழுதச் சொன்னதை மட்டும் எழுதினால் ஒன்றும் கெட்டுப்போகாது. சிறிய ஆங்கில எழுத்துகளில், இடைவெளி விடாமல், ஏ, எல், எஸ், ஏ, எம், ஐ, எக்ஸ், ஈ, ஆர் என்ற ஒன்பது எழுத்துகளையும் அடித்து என்ரர் விசையை அழுத்துங்கள்.

நிமிர்ந்த தூண்கள்போல் சில கோடுகள் தெரியும். ஒரேயொரு தூண்தான் தெரிகிறதா? எஃப் 6 விசையை அழுத்தி, வருகிற பட்டியலில் உங்கள் கார்ட்டின் பெயரைத் தெரிவுசெய்யுங்கள். அநேக கணினிகளில் எச்.டி.ஏ இன்டெல் என்று தொடங்கும். அப்போது எல்லாத் தூண்களும் வெளியே வரும்.

இடது வலது அம்புக்குறி விசைகளால் ஒரு தூணிலிருந்து மற்றதற்குப் போகலாம். மேல் கீழ் அம்புக்குறிகளால் அளவைக் கூட்டிக் குறைக்கலாம். தூணின் அடியில் எம் எம் என்று இரண்டு எழுத்து இருந்தால் அந்த மடை முழுதாக மூடியிருக்கிறது. எம் விசையை ஒருமுறை அழுத்தினால் அது இரண்டு பூச்சியமாக மாறும். மடை திறந்துவிட்டது என்று அர்த்தம்.

எவ்வளவு கூட்டுவது? மேலே ஐற்றம் என்ற வரியில் டெசிபல் அளவு காட்டும். கழித்தல் அடையாளத்தோடு எண் இருந்தால் சத்தம் அங்கே குறைக்கப்படுகிறது. பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் போகவேண்டாம், குரல் கரகரக்கத் தொடங்கும்.

ஓட்டோ மியூட் மோட் என்று ஒரு தூணும் சில கணினிகளில் உண்டு. முன்பக்கத் துளையில் ஹெட்போன் செருகினால் பின்பக்க ஸ்பீக்கரை நிறுத்துவது இதன் வேலை. முன் துளை பழுதாகி, ஒன்றும் செருகாமலே செருகியதாகக் கணினி நினைத்துக்கொள்வதும் உண்டு. இதை டிசேபிள்ட் என்று மாற்றினால் பின்பக்க ஸ்பீக்கர் வேலை செய்யும்.

முடிந்ததும் எஸ்கேப் விசையை அழுத்தி வெளியே வாருங்கள். கணினியை ஒழுங்காக நிறுத்தும்போது இந்த அளவுகள் தாமாகவே சேமிக்கப்படும். மின்சாரம் திடீரென்று நின்று கணினி அணைந்தால் சேமிக்கப்படாமல் போகலாம். எனவே சத்தத்தைச் சரிசெய்த அன்று ஒருமுறை முறைப்படி நிறுத்தி, திரும்பப் போட்டுப் பாருங்கள்.

நூறுக்கு மேலே போகலாமா?

போகலாம், ஆனால் கவனமாக. உபுண்டுவில் ஓவர் அம்பிளிபிக்கேஷன் என்று ஒரு தெரிவு உண்டு. சில பதிப்புகளில் சவுண்ட் பக்கத்திலும், சிலவற்றில் அக்சஸிபிலிற்றி என்ற பக்கத்தில் ஹியரிங் என்பதன் கீழும் இருக்கும். மின்ட்டில் சவுண்ட் செற்றிங்ஸின் கடைசிப் பகுதியில் மக்சிமம் வொலியூம் என்று இருக்கும். இவற்றால் 150 வரை கூட்டலாம். வீ.எல்.சியிலும் 125 வரை தள்ளலாம்.

100 வரை வருவது மடையைத் திறப்பது. அதற்கு மேல் போவது வாய்க்காலில் அது தாங்குவதைவிடக் கூடத் தண்ணீர் விடுவது. வரம்பு உடையும். மெல்லப் பதியப்பட்ட ஒரு பேச்சைக் கேட்பதற்கு இது நல்ல உதவி. நன்றாகப் பதியப்பட்ட பாட்டுக்குச் செய்தால் சத்தம் கிழிந்து கேட்கும். சிறிய ஸ்பீக்கர் பழுதாகவும் கூடும். வேலை முடிந்ததும் 100 க்கு இறக்கிவிடுங்கள்.

பதிவே மெலிந்திருந்தால்

எல்லா மடையும் திறந்து, மற்றப் பாட்டுகள் நன்றாகக் கேட்டு, ஒரேயொரு பதிவு மட்டும் கேட்கவில்லை என்றால் குளத்திலேயே தண்ணீர் குறைவு.

இது எங்களில் பலருக்கு முக்கியமானது. இடப்பெயர்வுகளில் வீடும் தளபாடமும் போனாலும், சீலைக்குள் சுற்றிக் கொண்டுதிரிந்த ஒரு கசற் சிலரிடம் தப்பியிருக்கிறது. ஒரு அம்மா அப்படி ஒன்றைக் கொண்டுவந்தார். மகன் பாடசாலைப் பேச்சுப் போட்டிக்காக வீட்டில் பேசிப் பழகியதை ரேடியோக் கசற்றில் பதிந்தது. மகன் காணாமற்போய் வருடங்கள் ஆகிவிட்டன. யாரோ அதைக் கணினியில் ஏற்றிப் பென்ட்ரைவில் கொடுத்திருந்தார்கள். ஆனால் இரைச்சலுக்குள் குரல் புதைந்து கிடந்தது. நாங்கள் கசற்றிலிருந்து திரும்பப் பதிந்தோம். முறை இதுதான்.

இரண்டு பக்கமும் ஹெட்போன் பிளக் உள்ள வயர் ஒன்று வேண்டும். ஒரு நுனி கசற் ரேடியோவின் ஹெட்போன் துளைக்கு, மற்றது கணினியின் நீலத் துளைக்கு. மைக்கின் இளஞ்சிவப்புத் துளையில் செருகாதீர்கள். மைக்கிலிருந்து வரும் மிக மெல்லிய மின்சைகைக்காகச் செய்யப்பட்டது அது, ரேடியோவின் சத்தத்தைத் தாங்காமல் கரகரக்கும். இன்புட் டிவைஸ் என்பதில் லைன் இன் தெரிவுசெய்யுங்கள்.

பதிவதற்கு ஓடாசிட்டி என்ற மென்பொருள். 2000 ஆம் ஆண்டிலிருந்து இலவசமாகக் கிடைப்பது. பதியும்போது மேலே ஒரு அளவுப் பட்டி ஆடும். உரத்த இடத்திலும் அது கழித்தல் 6 அளவில் நிற்கும்படி ரேடியோவின் குமிழைக் கூட்டிக் குறைத்து வையுங்கள். பட்டி கடைசிவரை போய் முட்டினால் அந்த இடம் கிழிந்துபோகும், பிறகு திருத்த முடியாது. மெலிந்ததைக் கூட்டலாம், கிழிந்ததை ஒட்ட முடியாது.

பதிந்ததும் அதை அப்படியே ஒரு பிரதியாகச் சேமித்து, தொடாமல் வையுங்கள். இன்னொரு பிரதியில் எஃபெக்ட் பட்டியலில் உள்ள அம்பிளிபை என்பதை எடுங்கள். கிழியாமல் எவ்வளவு கூட்டலாம் என்பதை அதுவே கணக்கிட்டுக் காட்டும். ஓகே கொடுத்தால் போதும். பின்னால் உள்ள இரைச்சலும் சேர்ந்து கூடும் என்பது உண்மை. ஆனாலும் குரல் வெளியே வரும்.

அந்த அம்மா முழுவதையும் கேட்டார். நடுவில் மகன் ஒரு சொல்லை மறந்து, "அம்மா, பிறகு என்ன?" என்று கேட்கிற இடம் வந்தது. "அதிலை நான் அடுத்த சொல்லைச் சொல்லிக் குடுத்தனான், அது விழயில்லை" என்றார். பிறகு இன்னொருமுறை போடச் சொன்னார்.

இப்படியான பதிவுகளைச் சங்கத்துக் கணினியில் விட்டுவிட்டு வராதீர்கள். பலர் பாவிக்கிற கணினி அது. உங்கள் பென்ட்ரைவில் ஒன்று, நம்பிக்கையானவர் வீட்டில் இன்னொன்று என்று இரண்டு பிரதி வைத்துக்கொண்டு, பொதுக் கணினியில் இருப்பதை அழித்துவிடுங்கள். ட்ராஷ் கூடையையும் வெறுமையாக்குங்கள். கசற்றை எறியவேண்டாம்.

எங்கள் குரல் அவர்களுக்குக் கேட்காவிட்டால்

சூமில் நீங்கள் பேசுவது மற்றப் பக்கத்துக்கு மெல்லமாகக் கேட்டால், மேலே சொன்ன அதே மடைகளை எதிர்ப்பக்கமாகப் பாருங்கள். சவுண்ட் பக்கத்தில் இன்புட் என்பதில் சரியான மைக் தெரிவாகியிருக்கிறதா, அளவு போதுமா என்று பார்க்கவேண்டும். அல்சாமிக்சரில் எஃப் 4 அழுத்தினால் பதிவுப் பக்கத் தூண்கள் வரும். மைக் பூஸ்ற் என்ற தூணை ஒரு படி கூட்டுங்கள். அது எஃப் 4 பக்கத்தில் இல்லாவிட்டால் எஃப் 5 அழுத்திப் பாருங்கள், எல்லாத் தூண்களும் சேர்ந்து வரும். அதிகம் கூட்டினால் மின்விசிறியின் சத்தமும் சேர்ந்து போகும். பேசும்போது மைக்கை வாய்க்குக் கிட்ட, ஆனால் மூச்சுக்காற்று நேரே படாமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

கணினி சரி, காது?

இதையும் நான் எழுதத்தான் வேண்டும். கணினியில் பிழை தேடிக் களைத்தபிறகு, மற்ற எல்லாருக்கும் நன்றாகக் கேட்கிறது, தனக்கு மட்டும்தான் கேட்கவில்லை என்று அறிந்தவர்கள் எங்களிடையே உண்டு. செல் கிட்ட விழுந்து வெடித்தால் செவிப்பறை கிழியலாம், உட்காதின் நரம்பு பாதிக்கப்படலாம். அந்த நேரம் உயிர் தப்பியதே பெரிது என்று இருந்துவிட்டோம். ஒரு காதில் கேட்காததையும், இரவில் காதுக்குள் கூவென்று இரைவதையும் ஒருவருக்கும் சொல்லாமல் பழகிக்கொண்டோம்.

பேச்சில் சத்தம் கேட்கிறது, சொல் பிரிந்து விளங்குதில்லை என்றாலோ, பிள்ளைகள் "அம்மா, ஏன் இவ்வளவு கத்தலாய் வைக்கிறீங்கள்?" என்று கேட்டாலோ, அரச வைத்தியசாலையில் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குக்குப் போய்க் காட்டுங்கள். அங்கே வைத்தியம் இலவசம். சிலருக்கு வெறும் குறும்பி அடைத்திருக்கும், எடுத்துவிட்டால் சரி. சிலருக்குச் செவிப்பறையைச் சத்திரசிகிச்சையால் மூடலாம். சிலருக்குக் காதுக் கருவி உதவும். எதுவாக இருந்தாலும் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு காது மட்டும் கேட்பவர்கள் இரண்டு ஸ்பீக்கரையும் அந்தக் காதுப் பக்கமாகக் கிட்டக் கிட்ட வையுங்கள். ஒற்றை ஹெட்போன் துண்டை மட்டும் செருகிக்கொண்டு கேட்டால் மற்றப் பக்கத்தில் வருவது தவறிப்போகும்.

மிஞ்சியிருக்கும் கேள்வித்திறனைக் காப்பதும் முக்கியம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் அளவு, 80 டெசிபல் சத்தத்தைக் கிழமைக்கு 40 மணித்தியாலம் வரை கேட்கலாம் என்பது. சத்தம் கூடக்கூட அந்த நேரம் விரைவாகக் குறையும். ஹெட்போன் போட்டிருக்கும்போது ஒரு கை நீளத் தூரத்தில் நிற்பவர் உங்களோடு பேச உரத்துக் கத்தவேண்டியிருந்தால் நீங்கள் வைத்திருக்கும் சத்தம் அதிகம்.

வெட்டி ஒட்டிவைக்க

1. ஸ்பீக்கர் குமிழைக் கால்வாசிக்குக் குறையுங்கள்.
2. ஸ்பீக்கரைக் கைத்தொலைபேசியில் போட்டுப் பாருங்கள்.
3. பச்சைத் துளையில் பிளக் முழுதாகப் போயிருக்கவேண்டும்.
4. பிளேயரின் அளவு 100.
5. பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சவுண்ட் பக்கத்தில் வாசல், பலன்ஸ், பொது அளவு, செயலி அளவு நான்கையும் பாருங்கள்.
6. அல்சாமிக்சரில் எஃப் 6. எம் எம் என்று இருப்பதைத் திறவுங்கள், கழித்தலில் இருப்பதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள்.
7. முறைப்படி நிறுத்தித் திரும்பப் போடுங்கள்.
8. இவ்வளவுக்கும் சரிவராவிட்டால் மாத்திரம் யூ.எஸ்.பி சவுண்ட் கார்ட் ஒன்று வாங்குங்கள். விரலளவு சிறியது. கணினியைத் திறக்காமல் வெளியிலேயே செருகலாம். லினக்ஸில் அநேகமாக வேறொன்றும் ஏற்றாமலே வேலை செய்யும். செருகியபின் அவுட்புட் டிவைஸில் அதைத் தெரிவுசெய்ய மறவாதீர்கள்.

இந்தப் பட்டியலைக் கணினி மேசைக்கு மேலே சுவரில் ஒட்டிவையுங்கள். சங்கத்தில் ஒருவர் பழகினால் போதாது, குறைந்தது மூன்று பேர் பழகியிருக்கவேண்டும். ஒருவர் சுகமில்லாமல் நின்றாலும் வகுப்பு நிற்காது. லினக்ஸுக்கு உரிமப் பணம் கட்டவேண்டியதில்லை. ஆனால் அதைப் பேணத் தெரிந்த கைகள் ஊரில் இருந்தால்தான் அந்த இலவசம் எங்களுக்கு உண்மையில் இலவசமாகும்.

அடுத்த இதழில், மின்சாரம் அடிக்கடி நிற்கும் இடங்களில் கணினியையும் அதில் உள்ள கோப்புகளையும் எப்படிக் காப்பது என்று பார்ப்போம். உங்கள் அனுபவங்களையும் எழுதி அனுப்புங்கள்.